மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?

அறுப்பு முடிஞ்ச கையோட எங்க பக்கத்து டீக்கடையில வேற பேச்சே ஓடாது, "மாவுக்கு எத்தன மூட்ட கண்டுச்சு?" இது ஒண்ணுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை கிராமம் எங்களுது, ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். வெளியூர்க்காரங்களுக்காக கணக்க சொல்லிடுறேன்: மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி, மூட்டைன்னா இங்க 60 கிலோ. சம்பாவுல மாவுக்கு பத்து பதினோரு மூட்டை கண்டா நல்ல வெளச்சல், ஏழு எட்டுன்னா "ஏன்யா, என்னாச்சு"ன்னு நாலு பேரு கேப்பாங்க.

அந்த "என்னாச்சு"வுக்குதான் இந்தப் பதிவு. ஒரே வாய்க்கால், ஒரே மண்ணு, ஒரே ரகம், ஒருத்தர் வயல்ல பதினொண்ணு கண்டுருக்கும், பக்கத்து வரப்புக்கு அந்தாண்ட எட்டுதான் கண்டுருக்கும். பதினொண்ணு கண்டவருக்கு ரெண்டு வேலி நெலம், எட்டு கண்டவருக்கு அஞ்சு மா. மீட்டிங்ல மைக் புடிக்கிறவங்க இதுக்கு ரெடியா ஒரு பதில் வச்சிருப்பாங்க, சின்ன விவசாயிக்கு தொழில்நுட்பம் போய் சேரல, விழிப்புணர்வு இல்ல. எனக்கு இதக் கேட்டா எரிச்சலா வரும். எங்கப்பாவுக்கு எந்த வயசு நாத்த நடணும்னு தெரியும், எந்த நாள்ல யூரியா போடணும்னு தெரியும், களைக்கொல்லிய எத்தன நாளுக்குள்ள போடணும்னு தெரியும். தெரிஞ்ச நாள்ல அந்தப் பொருளோ தண்ணியோ ஆளோ கையில இருக்காது, அவ்ளோதான். சின்ன விவசாயி வெளச்சல கொறைக்கிறது அறியாமை இல்ல, தேதி. எல்லா வரிசையிலயும் அவன் கடைசியில நிக்கிறான், தண்ணி வரிசை, உர வரிசை, மிஷின் வரிசை, கடன் வரிசை, கடைசியில கொள்முதல் வரிசை. ஒவ்வொரு வரிசையிலயும் நாலு நாளோ ஒரு வாரமோ போகுது, அது எல்லாம் சேந்து மூணு மூட்டையா கொறையுது.

மூணு மூட்டைன்னா சின்ன கணக்கு இல்ல. அஞ்சு மாவுக்கு பதினஞ்சு மூட்டை, ஒம்போது குவிண்டால், 2024-25ல சன்ன ரகத்துக்கு நம்ம அரசாங்க ஊக்கத்தொகையும் சேத்து குவிண்டால் 2,450 ரூபா, ஆக 22,000 ரூபா கிட்ட. பல வீட்ல ஒரு போகத்து லாபமே அவ்ளோதான் இருக்கும். அதாவது வெளச்சல் கால்வாசி கொறைஞ்சா வருமானம் கால்வாசி கொறையுதுன்னு நெனச்சுக்காதீங்க, செலவு எல்லாம் அப்படியே நிக்கும், போறது முழுக்க மிச்சம் ஆகவேண்டிய காசுல இருந்துதான்.

அஞ்சு மாங்கிறது ஏதோ ரொம்ப ஏழை கணக்குன்னும் நெனக்க வேணாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒரு ஆளுக்கு சராசரி நெலம் 0.75 ஹெக்டேர், எங்க பாஷையில சொன்னா அஞ்சரை மா. சராசரி ஆளே இதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, பொருளாதாரம் படிச்சவங்க ரொம்ப நாளா நேர் எதிரா ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க. 1950-கள்ல அரசாங்கம் பண்ணை மேலாண்மை ஆய்வுன்னு பல மாநிலத்துல கணக்கெடுத்துச்சு, அத வச்சு 1962ல அமர்த்தியா சென் எழுதினாரு, நெலம் சின்னதாக ஆக ஏக்கருக்கு வெளச்சல் கூடுதுன்னு. காரணமும் நியாயமானதுதான். பெரிய பண்ணைக்காரர் கூலி குடுத்து ஆள் வைக்கிறாரு, அந்தக் கூலிக்கு மேல வருமானம் வர்ற வரைக்கும்தான் ஆள் வைப்பாரு. சின்னவன் வீட்டோட எறங்குறான், அவனுக்கு கூலி கணக்கு கெடையாது, விடிஞ்சதும் போயி ஒவ்வொரு புல்லையும் புடுங்குவான். எங்க தாத்தா காலத்துக்கு இது சத்தியமான வார்த்தை. உழவுக்கு சொந்த மாடு, நடவுக்கு வீட்டுப் பொம்பளைங்களும் பக்கத்து வீட்டு மாத்தாளும் (இன்னிக்கு நமக்கு அவங்க, நாளைக்கு அவங்களுக்கு நாம), அறுப்புக்கு ஊரே எறங்கும், எருவு கொட்டில்லயே இருக்கும். அவரு யாருக்காகவும் காத்து நிக்க வேண்டியது தண்ணிக்கு மட்டும்தான்.

இப்ப பாருங்க. மாடு இல்ல, உழவுக்கு வாடகை டிராக்டர். நடவுக்கு காண்ட்ராக்ட் ஆளு, அதுவும் இப்ப டெல்டா முழுக்க மேற்கு வங்காளம், பீகார் பக்கத்து பசங்கதான் கயிறு புடிச்சு நடுறாங்க, வேகமாவும் நடுறாங்க, அத ஒத்துக்கணும். அறுப்புக்கு சேலம் ஆத்தூர் பக்கத்துல இருந்து வர்ற வண்டி. உரம் கடையில. வீட்டு ஆளுங்க திருப்பூர்லயும் சென்னையிலயும் (நானும்தான்). சின்னவனோட பெரிய பலம் சொந்த ஒழைப்பு, அது போயிடுச்சு, வாடகைக்கு எடுக்குற உலகத்துல பெரியவனுக்குதான் முதல் மரியாதை. வண்டிக்காரன் இடத்துல நின்னு யோசிங்க, ஒரே எடத்துல எறக்கி ரெண்டு வேலி அறுக்குறத விட்டுட்டு எவன் அஞ்சு மாவுக்கு வருவான்?

தண்ணியில இருந்து வரேன். மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சது, தெறக்குற தேதின்னா ஜூன் 12ன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா 2012ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம்கூட அந்த தேதியில தெறக்கல. 2016ல செப்டம்பர் 20, 2017ல அக்டோபர் 2, 2018ல ஜூலை 19, 2019ல ஆகஸ்ட் 13. 2020ல திரும்ப ஜூன் 12க்கு வந்துச்சு, 2022ல மே 24லயே தெறந்தாங்க, 2024ல பாத்தா ஜூலை 28. இப்படி முன்ன பின்ன ஆடுற தேதிய வச்சுக்கிட்டு நாத்து விடுறவன் எந்த நாள்ல விடுவான் சொல்லுங்க. கும்பகோணம் பாபநாசம் பக்கம் நெலத்தடி தண்ணி நல்லாருக்கு, போர் வச்சிருக்கவரு அணைய எதிர்பாக்காம குறுவை நட்டுடுவாரு, ஆத்துத் தண்ணி வந்தா லாபம், வராட்டி மோட்டார். எங்க பக்கம் போர் போட்டா உப்பு. கல்லணையில தண்ணி விட்டு, வெண்ணாறு பாமணி ஆறுன்னு பிரிஞ்சு, முறை வச்சு வாய்க்காலுக்கு வந்து, தலைப்புல உள்ளவங்க எல்லாம் பாய்ச்சி முடிச்ச பெறகு மிச்சம் வர்றதுதான் கடைமடை தண்ணி. அணை தெறந்த சேதிய டிவியில பாத்துட்டு, வாய்க்கால்ல மொத தண்ணி வர்ற வரைக்கும் எத்தன நாளுன்னு நாங்க எண்ணிக்கிட்டு உக்காந்திருப்போம்.

நாத்துக்கு வயசுன்னு ஒண்ணு இருக்கு. 110 நாள் ரகம்னா 18ல இருந்து 22 நாளுக்குள்ள பறிச்சு நடணும். 135 நாள் ரகத்துக்கு 25, 30 நாள். சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் ரகம்னா 35, 40 வரைக்கும் தாங்கும். இதத் தாண்டி நின்னுச்சுன்னா நாத்து கெழடு தட்டிடும், நட்டாலும் தூர் வெடிக்காது, அதாவது அடியில பக்கத் தண்டு கெளம்பாது, குறுகிய கால ரகமா இருந்தா சிலசமயம் தூர் கட்டாமயே கதிர வெளிய தள்ளிட்டு நிக்கும். ஒரு குத்துல எத்தன தூர், அதுல எத்தன கதிர், இதுலதான் மூட்டையே இருக்கு. பெரிய போரும் கரையோர நெலமும் உள்ளவரு 20-வது நாள் நடுறாரு, கடைமடைக்காரன் 32-வது நாள் நடுறான், ரெண்டு பேரும் ஒரே வெத, ஒரே அக்ரி ஆபீஸ்ல வாங்குனது. அறுப்புல வித்தியாசம் வந்தா விழிப்புணர்வு கம்மியாம்!

அதனாலதான் எங்க பக்கம் முக்காவாசி பேரு நாத்தே வேணாம்னு ஆவணியில புழுதியில நேரடியா வெதைச்சு விட்டுடுறாங்க. மழை பேஞ்சா மொளைக்கும், பெறகு தண்ணி வந்தா பொழைக்கும். செலவு கம்மி, நாத்து வயசு தொல்லை இல்ல. ஆனா நெல்லோட சேந்து புல்லும் கோரையும் மொளைக்கும், அதுக்கு களைக்கொல்லி, அதுக்கும் தேதி இருக்கு. நடவு வயலுக்கு நட்ட மூணாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாளுக்குள்ள போடுற மருந்து இருக்கு பாருங்க, அதப் போடுறப்ப வயல்ல மெல்லிசா தண்ணி நிக்கணும், ரெண்டு மூணு நாளைக்கு வடிக்கவும் கூடாது. தண்ணிய புடிச்சு நிறுத்த முடிஞ்சவனுக்குதான் அந்த மருந்து. மத்தவனுக்கு மருந்து காசும் தெண்டம், கொஞ்ச நாள்ல புல்லு மேல வந்ததும் கைக்களை எடுக்க ஆள் கூலியும் தெண்டம். 2016ல வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல கொறஞ்சு போச்சு, தண்ணியும் வரல, 2017 ஜனவரியில மொத்த மாநிலத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் நேரடி வெதைப்பு வயல் எல்லாம் முழங்கால் உயரத்துல காஞ்சு நின்னத பாத்தவங்களுக்கு தெரியும், அதுல மூட்டைக் கணக்கே கெடையாது, மாட்ட அவுத்து விட்டதுதான்.

இப்ப யாரும் எழுதாத ஒரு விஷயத்துக்கு வரேன், இதத்தான் நான் பெருசா சொல்லணும்னு நெனச்சேன். வழி. வயலுக்கு வண்டி எறங்குற வழி. பாகப்பிரிவினையில நெலம் நீளவாக்குல பிரியும், ஏன்னா எல்லாப் பங்குக்கும் வாய்க்கால் தொடணும். அதுவும் முடியாம போற தலைமுறையில குறுக்க வெட்டுவாங்க, அப்ப நடுவுல மாட்டுற பங்குக்கு நாலு பக்கமும் அடுத்தவன் வயல். எங்களுது அப்படி ஒண்ணு. மாடும் அருவாளும் இருந்த காலத்துல இது ஒரு விஷயமே இல்ல, வரப்பு மேல கதிர்க்கட்ட தலையில வச்சு நடந்து வந்துடுவாங்க. இப்ப அறுப்பு வண்டி எங்க வயலுக்கு போகணும்னா முன்னாடி உள்ள வயல் அறுத்திருக்கணும். அவரு சி.ஆர். 1009 போட்டிருந்து நாம 130 நாள் டி.கே.எம். 13 போட்டோம்னு வைங்க, நம்ம நெல்லு பழுத்து தலை சாஞ்சு மணி கொட்ட ஆரம்பிக்கும், அவரு பயிரு அப்பதான் பால் புடிச்சு பச்சையா நிக்கும். அவரு பயிர மிதிச்சுட்டு வண்டிய விட முடியுமா? அதனால என்ன ரகம் போடுறதுங்கிறத எங்கப்பா முடிவு பண்றதில்ல, முன் வயல்காரர் முடிவு பண்றாரு. பல்கலைக்கழகம் புது ரகம் விட்டுருக்கு, ஏன் மாற மாட்டேங்குறீங்கன்னு கேக்குறவங்க ஒரு தடவ வந்து அந்த வரப்புல நின்னு பாக்கணும்.

வண்டியிலயும் ரெண்டு தினுசு. ஈரக்காட்டுல எறங்குறது பெல்ட் வண்டி, காஞ்ச தரையில ஓடுறது டயர் வண்டி. பெல்ட்டுக்கு வாடகை கூட, மணிக்கணக்கு. அஞ்சு மாவ மூணு துண்டா வச்சிருந்தா வண்டி அறுக்குற நேரத்த விட திரும்புற நேரம்தான் ஜாஸ்தி, மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், மூலையில நிக்கிறத கையால அறுத்துப் போடணும். ஒரு மூட்டை நெல்ல அறுக்குறதுக்கு ரெண்டு வேலிக்காரர விட சின்னவன்தான் கூட காசு குடுக்குறான். குடுத்தும் வண்டி கடைசியிலதான் வருது.

கடைசியில வந்தா என்னாகும்ங்கிறதுக்கு 2023 பிப்ரவரி மொத வாரம் சாட்சி. பொங்கலுக்கு முன்ன பின்ன அறுத்தவங்க எல்லாம் தப்பிச்சாங்க, வண்டிக்கு காத்திருந்தவங்க நெல்லு பருவம் தப்பி பேஞ்ச மழையில சாஞ்சு தண்ணியில கெடந்து மொளைச்சுச்சு. மூணுல ஒரு பங்குக்கு மேல பாதிச்சா ஹெக்டேருக்கு 20,000 ரூபா நிவாரணம்னு அரசாங்கம் அறிவிச்சுது, அஞ்சு மாவுக்கு கணக்கு போட்டா 13,000 சொச்சம். ஒண்ணும் இல்லாததுக்கு பரவாயில்லதான். அந்த மழை அறுப்ப மட்டும் கெடுக்கல, உளுந்தையும் கெடுத்துச்சு. சம்பா அறுக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னாடி ஈரம் இருக்குறப்பவே நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சு விடுறது எங்க பக்கத்து வழக்கம், ஆடுதுறை 3ங்கிற ரகம், பனியிலயே வெளஞ்சுடும், உழவு இல்ல, தண்ணி இல்ல, வர்றது எல்லாம் மிச்சம். ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி நடுவுக்குள்ள தெளிச்சாதான் உண்டு. அறுப்பு தள்ளிப்போனா உளுந்து போச்சு. மாவுக்கு எத்தன மூட்டைங்கிற கணக்குல இந்த உளுந்து நஷ்டம் வராது, ஆனா சின்னவன் வீட்ல சித்திரை வைகாசி செலவு அதுலதான் ஓடும்.

பூச்சிக்கும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடுறேன். ஊரு பூரா ஒரே சமயத்துல நட்டா பூச்சி எல்லா வயலுக்கும் பங்கு போட்டுப் போகும். கடைசியா நட்டவன் வயல் மட்டும் பச்சையா நிக்கிறப்ப குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டு, எலி எல்லாம் அங்கதான் ஒதுங்கும். அவனும் மத்தவன விட ரெண்டு தடவ கூடுதலா மருந்து அடிப்பான், எந்த மருந்துன்னு முடிவு பண்றது பெரும்பாலும் கடன் குடுக்குற உரக்கடை. கடன் வச்சிருக்க கடையில போயி "இது வேணாம், அது குடு"ன்னு பேச முடியுமா என்ன.

கடனுக்கு வந்துட்டேன். கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடன் கெடச்சா அதுமாதிரி நல்ல பணம் கெடையாது, நம்ம மாநிலத்துல தவணை தவறாம கட்டிட்டா வட்டியே இல்ல. ஆனா அதுக்கு சிட்டா அடங்கல்னு வி.ஏ.ஓ. ஆபீஸ் நெலக் கணக்கு எல்லாம் உன் பேர்ல இருக்கணும். குத்தகைக்காரனுக்கு? எங்க அஞ்சு மாவுல ரெண்டு மா குத்தகை, வாய் வார்த்தைதான், பேப்பர்ல ஒண்ணும் கெடையாது. 1955ல குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1956ல நியாய வாரச் சட்டம், 1969ல குத்தகை உரிமைய பதிவு பண்றதுக்கு ஒரு சட்டம். சட்டம் வந்த நோக்கத்த நான் கொறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்து டெல்டாவுல குத்தகைக்காரன் பட்ட பாடு அப்படி. ஆனா அதுக்கப்புறம் நெலக்காரங்க எழுதிக் குடுக்க பயந்து எல்லாத்தையும் வாய்ப்பேச்சா மாத்திட்டாங்க. பேப்பர் இல்லாதவனுக்கு சொசைட்டிக் கடன் இல்ல, இன்சூரன்ஸ் எழுதுறதுக்கு அடங்கல் வாங்க அலையணும், நிவாரணம் வந்தா பல எடத்துல சென்னையில இருக்குற நெலக்காரர் அக்கவுண்ட்டுக்கு போகும். அவன் நகைய வச்சு பணம் பொரட்டுவான், நகையும் இல்லாட்டி உரக்கடைக் கடன்.

பணம் லேட்டானா யூரியா லேட்டாகும். தூர் கட்டுற நேரத்துல ஒரு தடவ, கதிர் உருவாகுற நேரத்துல ஒரு தடவன்னு மேலுரம் பிரிச்சுப் போடணும். 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு, உரத்துலயே மலிவானது அதுதான், எல்லாரும் ஒரே வாரத்துல கேக்குறப்ப அதுவும் ஸ்டாக் இல்லம்பாங்க, இல்லாட்டி யூரியா வேணும்னா இந்த டப்பாவையும் சேத்து வாங்குன்னு தலையில கட்டுவாங்க. தூர் கட்டுற நேரம் தாண்டி யூரியா போட்டா தூர் வராது, கதிர் வர்ற நேரத்துல மொத்தமா கொட்டுனா பயிரு கரும்பச்சையா மதமதன்னு வளந்து புகையான்ங்கிற பூச்சிய கூப்புட்டுக்கும், காத்தடிச்சா சாஞ்சிடும். உரம் போட்ட அளவு சரியாதான் இருக்கும், போட்ட நாளு தப்பு.

குத்தகையில இன்னொரு நஷ்டம் மெல்ல நடக்குது. எங்க பக்கத்து மண்ணு களரு, சோடிய உப்பு ஏறுன மண்ணு, ஜிப்சம் போடணும், துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ போடணும், தக்கைப்பூண்டுன்னு பசுந்தாள் உரச்செடி வெதைச்சு மடக்கி உழணும். இதுல ஜிப்சமும் தக்கைப்பூண்டும் இந்த வருஷம் காசப் போட்டா பலன் ரெண்டு மூணு வருஷத்துக்கு பிரிச்சு வரும். அடுத்த வருஷம் இந்த நெலம் நமக்கா இல்ல அடுத்தவனுக்கான்னு தெரியாதவன் எதுக்குப் போடுவான்? எங்க அப்பாவே சொந்த மூணு மாவுக்கு தக்கைப்பூண்டு வெதைப்பாரு, குத்தகை ரெண்டு மாவுல வெதைக்க மாட்டாரு. நான் கேட்டப்ப ஒரு பார்வ பாத்தாரு, அவ்ளோதான் பதில். நெலம் யாரு பேர்ல இருக்குங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு எங்க பக்கத்துல உள்ளவங்களுக்கு, 1968ல கூலி கேட்டவங்க குடும்பத்த குடிசையோட எரிச்ச கீழ்வெண்மணிக்கு அப்புறம் யாரும் தனியா சொல்லித்தர வேண்டியதில்ல. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா லாஃப்டின்னு 1981ல அமைப்பு ஆரம்பிச்சு பெரிய நெலக்காரங்ககிட்ட பேசி வெலைக்கு வாங்கி, கூலி வேல பாத்த பொம்பளைங்க பேர்ல ஆளுக்கு ஒரு ஏக்கர்னு எழுதிக் குடுத்தாங்களே, அதுல உள்ள பெரிய புத்தியே அந்த "பேர்ல"தான். பட்டா இருந்தாதான் மத்த வரிசையில நிக்கவே விடுவாங்க.

நூறு நாள் வேலையப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா கமெண்ட்ல யாராச்சும் ஆரம்பிப்பீங்க. அதனாலதான் ஆள் கெடைக்கல, வெவசாயமே போச்சுன்னு ஊர்ப் பெரிய மனுசங்க புலம்பாத நாள் இல்ல. நடவு சமயத்துல ஆள் இழுபறி வருதுங்கிறது நெசம்தான், அந்த சமயத்துல அத நிறுத்தி வச்சா நல்லதுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஆள் கெடைச்ச கூலி என்ன கூலின்னு யோசிச்சுட்டு பேசணும். தவிர, அஞ்சு மா வச்சிருக்கவன் வீட்டுப் பொம்பளைங்களும் அந்த வேலைக்குதான் போறாங்க, அந்தக் காசுலதான் சிலசமயம் யூரியாவே வருது. சின்ன விவசாயியும் விவசாயக் கூலியும் ரெண்டு தனி சாதி மாதிரி பேசுறது பெரிய நெலக்காரங்க கணக்கு.

சரி, எல்லாம் தாண்டி நெல்லு வீடு வந்துச்சு. கொள்முதல் நிலையத்துல ஈரம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். வண்டியில அறுத்த நெல்லு அதுக்கு மேலதான் இருக்கும், காய வைக்கணும், பெரியவருக்கு சிமெண்ட் களம் இருக்கு, மத்தவங்களுக்கு தார் ரோடு. பனியில ஒரு ராத்திரி கெடந்தா திரும்ப ஈரம் ஏறிக்கும். 2022 குறுவையில மழையினால 19 வரைக்கும் தளர்த்தினாங்க, ஆனா அந்த உத்தரவு வர்றதுக்குள்ள பாதிப் பேரு வந்த வெலைக்கு வியாபாரிகிட்ட தள்ளியிருந்தாங்க. குவியல் போட்டு படுதா மூடி காவல் கெடக்குறது, மூட்டைக்கு இவ்ளோன்னு கேக்குறாங்கன்னு பேப்பர்ல வருஷா வருஷம் வர்ற சேதி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, நீட்டல. இது வெளச்சல் விஷயமா, விக்கிற விஷயமான்னு கேப்பீங்க. பணம் மார்ச்ல கைக்கு வர வேண்டியது மே மாசம் வந்தா சொசைட்டித் தவணை தவறும், வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாகும், அடுத்த போகத்துக்கு புதுக்கடன் தள்ளிப்போகும், அடுத்த வருஷத்து யூரியா இப்பவே லேட்டு. ஒரு வருஷத்து வரிசைக் கடைசி அடுத்த வருஷத்துக்கும் தொடரும்.

இத எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா திருந்திய நெல் சாகுபடி எங்க பக்கம் ஏன் தங்கலங்கிறதும் புரியும். 14 நாள் நாத்து, ஒத்தை நாத்து, 25 சென்டிமீட்டர் சதுரம், களை எடுக்க உருட்டுற கோனோவீடர், காயவிட்டு காயவிட்டு தண்ணி. முறை நல்ல முறை, நான் கொறை சொல்லல, தண்ணிய கையில வச்சிருக்கவங்க நல்லா எடுத்துருக்காங்க, வெத ஏக்கருக்கு மூணு கிலோவே போதும். ஆனா 14 நாள் நாத்து விரல் உயரம்தான், வடியாத வயல்ல ஒரு மழைக்கு முழுகிப் போயிடும். தண்ணி எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத கடைமடையில அத செஞ்சு காட்டுங்கன்னு வர்றவங்ககிட்ட எங்க ஆளுங்க மரியாதையா தலையாட்டிட்டு, பயிற்சியில குடுக்குற டீய குடிச்சுட்டு, சி.ஆர். 1009 வெதைய வாங்கிட்டு வருவாங்க. அந்த ரகத்துலயே வெள்ளத்துல ரெண்டு வாரம் வரைக்கும் முழுகிக் கெடந்தாலும் தாங்குற சப்-1 வந்துச்சே, அத எவனும் மீட்டிங் போட்டு சொல்லல, தானா பரவுச்சு. தேதியப் பத்தின பயத்த கொறைக்கிற எதையும் சின்ன விவசாயி தானா எடுத்துக்குவான், தேதி தவறாம இருந்தாதான் பலிக்கும்ங்கிற எதையும் தொடமாட்டான். என்ன பொறுத்தவரைக்கும் புதுசா எது வந்தாலும் இத வச்சுதான் எடை போடணும்.

எங்க வாய்க்கால்ல இப்ப ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. வயலுக்கு தண்ணி விடுற சின்ன கன்னி வாய்க்கால்ல இருந்து வடிகால் வரைக்கும் உள்ள எல்லாரும் ஒரே வயசு ரகமா போடுறது, ஒரே வாரத்துல வெதைக்கிறது, அறுப்பு வண்டிக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே புரோக்கர்கிட்ட அட்வான்ஸ் குடுத்து ரெண்டு வேலிக்காரர் மாதிரியே மொத்தமா கூப்புடுறது. யாரு வயல்ல மொதல்ல எறக்குறதுங்கிறதுக்கு ரோட்டுல இருந்து வரிசையா வர்றதுன்னு முடிவாயிடுச்சு, வண்டி திரும்புற நேரத்துக்கு ஆகுற காச மா கணக்குல பிரிச்சுக்கலாம்னும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும் மசிய மாட்டேங்குறாரு, எங்க முன் வயல்காரர்தான். அவருக்கு மாடு நெறைய, 1009 வைக்கோல்தான் கட்டுப்படியாகுது, 130 நாள் ரகத்துல எனக்கு என்ன வைக்கோல் கெடைக்கும்னு கேக்குறாரு, அதுவும் நியாயம்தானே. இப்ப பெரியப்பா ஒரு யோசனை சொல்லிருக்காரு, இந்த ஒரு போகத்துக்கு மட்டும் அவரு நடு வயல எடுத்துக்கட்டும், நாங்க ரோட்டோர வயல்ல வெதைக்கிறோம், பரப்பு வித்தியாசத்துக்கு நெல்லா குடுத்துடலாம்னு. அவரு வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு போயிருக்காரு. ஆவணி பொறக்குறதுக்குள்ள சொல்லணும், அதுக்கு மேல புழுதி தாங்காது.